காசு கொடுத்தது யார்? தேர்தல் நேரத்துச் செய்திகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக ஆறு வருஷம் ஓடினேன். இப்போது பிழைப்பு வேறு, தினமும் மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறிப் பாண்டிக்குப் போய் வருகிறேன். ஆனாலும் "சார், நீங்க பிரஸ்ஸுல இருந்தவராச்சே" என்று ஆரம்பித்து பஸ்ஸிலும் டீக்கடையிலும் கேட்கிற கேள்விகள் நிற்கவில்லை, தேர்தல் நெருங்கினால் இரண்டு மடங்காகிவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிப்பதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். யாருக்கு ஓட்டுப் போடலாம் என்கிற கேள்விக்கு மட்டும் இங்கே பதில் கிடையாது.

பேப்பரையும் டி.வி.யையும் பார்த்துத்தான் ஜனங்கள் ஓட்டுப் போடுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. சாதி, அப்பா காலத்துக் கட்சி, கடைசி ராத்திரி வரும் கவர், வேட்பாளர் நம் வீட்டுச் சாவுக்கு வந்தாரா இல்லையா, இதெல்லாம்தான் முன்னால் நிற்கும். தலையங்கம் படித்து மனசு மாறிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

ஆனால் நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேர் முன்பே முடிவு செய்துவிட்டாலும், மிச்சமிருக்கும் ஐந்து பேர் ஒரு தொகுதியைப் புரட்டிப் போடப் போதும். 2016 சட்டமன்றத் தேர்தலில் காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் தோற்றது வெறும் 87 ஓட்டில். அதே ஆள் 2019இல் சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் ஜெயித்தது 3,219 ஓட்டில், ஆறு சட்டமன்றத் தொகுதி சேர்ந்த இடத்துக்கு அது கைப்பிடி உப்பு. 2021இல் புதுச்சேரி முதல்வரான ரங்கசாமியே ஏனாமில் ஒரு சுயேச்சையிடம் 655 ஓட்டில் தோற்றார், தட்டாஞ்சாவடியிலும் நின்றிருந்ததால் எம்.எல்.ஏ. ஆனார். இப்படிப்பட்ட இடத்தில் வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் வரும் ஒரே ஒரு பொய்ச் செய்தி போதும், அதற்கு மறுப்பு வருவதற்குள் மை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்போம்.

இன்னொன்று, இதை யாரும் கவனிப்பதில்லை. தொகுதியில் பதினைந்து பேர் நிற்பார்கள், டீக்கடையில் பேச்சு மூன்று பேரைப் பற்றித்தான் இருக்கும். மற்ற பன்னிரண்டு பேர் பெயரை மெஷினில் பார்க்கும்போதுதான் இப்படி ஒருவர் நிற்கிறார் என்றே தெரியும். அந்த மூன்று பேரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது பேப்பரும் டி.வி.யும்தான்.

சரி, அந்த மூன்று பேரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

பெரிய கட்சி வேட்பாளருக்கு இடம் தானாக வரும், அதில் தப்பு சொல்ல முடியாது. மற்றபடி, வெளிப்படையாகச் சொல்வதானால், விளம்பரம் கொடுப்பவருக்கு இடம் கிடைக்கும். பகுதிநேர நிருபருக்குச் சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. செய்திக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகை, விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன். காலையில் எந்த வேட்பாளரைப் பற்றிச் செய்தி எழுதினேனோ, சாயங்காலம் அவர் வீட்டு வாசலில்தான் விளம்பரம் கேட்டு நின்றேன். அவர் தராவிட்டால் மறுநாள் அவர் கூட்டத்துக்கு வந்த கூட்டம் என் கண்ணுக்கே கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பெய்டு நியூஸ் என்கிறார்களே, அது இதுதானா?

அது இதைவிட ஒரு படி மேல். பணமாகவோ பொருளாகவோ விலை வாங்கிக்கொண்டு செய்தியாகவோ அலசலாகவோ வெளியிடுவது என்று இந்தியப் பத்திரிகை மன்றம் இலக்கணம் சொல்லியிருக்கிறது. விளம்பரத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு சொல்தான்: மூலையில் சின்ன எழுத்தில் 'விளம்பரம்' என்று இருக்க வேண்டும். அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் அதுவே செய்தி ஆகிவிடுகிறது, விலையும் ஏறிவிடுகிறது.

2009 மக்களவைத் தேர்தலுக்குப் பிறகு இது நாடு முழுக்கப் பெரிய சர்ச்சையானது. பத்திரிகை மன்றம் இரண்டு பேரை நியமித்து விசாரிக்கச் சொன்னது, பரஞ்சய் குஹா தாகுர்த்தாவும் ஸ்ரீனிவாஸ் ரெட்டியும் எழுதிய அறிக்கையில் பத்திரிகைகளின் பெயர்கள் எல்லாம் இருந்தன. மன்றம் 2010இல் வெளியிட்டது அதன் சுருக்கத்தைத்தான். ஊரார் வண்டவாளத்தை எல்லாம் எழுதுகிறவர்கள் தங்கள் வண்டவாளம் என்றதும் எப்படிச் சுருக்கிக்கொண்டார்கள் பாருங்கள்.

என் அனுபவத்தில் இதற்கு 'பேக்கேஜ்' என்று பெயர். ஒரு தேர்தலில், எந்த வருஷம் என்று சொல்லவில்லை, எந்தப் பேப்பர் என்றும் சொல்லவில்லை, விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு தாள் வந்தது. இத்தனை நாள் படத்தோடு செய்தி, ஒரு பேட்டி, வேட்புமனு தாக்கல் அன்று நான்கு பத்தி அகலச் செய்தி, வேட்பாளர் மனைவி வீதி வீதியாக ஓட்டுக் கேட்டால் அதற்குத் தனி. கல்யாண மண்டபத்துக்காரர் நீட்டும் ரேட் கார்டு மாதிரியே இருந்தது. நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். அடுத்த தேர்தலுக்கு நான் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

படிக்கும்போதே பெய்டு நியூஸை எப்படிக் கண்டுபிடிப்பது?

முழுசாக உறுதி செய்வது கஷ்டம், வாசனை பிடித்துவிடலாம். ஒரே படம், ஒரே தலைப்பு, ஒரே வாக்கியங்கள் போட்டி போடும் இரண்டு பேப்பரில் ஒரே நாளில் வந்தால் அது வேட்பாளர் அலுவலகத்தில் டைப் செய்தது. இன்னும் வேடிக்கை, ஒரே பக்கத்தில் இடது பக்கம் ஒருவருக்கு 'வெற்றி உறுதி', வலது பக்கம் அவரை எதிர்த்து நிற்பவருக்கு 'அமோக ஆதரவு' என்று வரும். இரண்டு பேரும் காசு கொடுத்திருக்கிறார்கள் என்பதைத் தவிர இதற்கு என்ன அர்த்தம்?

அப்புறம் செய்தியின் நடையைப் பாருங்கள். நிருபர் எழுதினால் எந்தத் தெரு, என்ன கேட்டார்கள், யார் சண்டை போட்டார்கள் என்று ஏதாவது இருக்கும். குடிதண்ணீர் வரவில்லை என்று குடத்தோடு நின்ற பெண்கள் இருப்பார்கள். காசுச் செய்தியில் எல்லாத் தெருவிலும் ஆரத்தி, எல்லா முகத்திலும் புன்னகை, வழி நெடுக மலர் தூவல்தான். கோண்டூரில் நடந்ததா குறிஞ்சிப்பாடியில் நடந்ததா என்றே தெரியாது.

பிடிபட்டால் என்ன ஆகும்?

ஒவ்வொரு மாவட்டத்திலும் ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு என்று ஒன்று தேர்தல் நேரத்தில் உட்காரும். கலெக்டர் அலுவலகத்தில் ஒரு அறை, நாலைந்து டி.வி., மேஜை மேல் எல்லாப் பேப்பரும் கிடக்கும். சந்தேகப்படும்படி ஒரு செய்தி கண்ணில் பட்டால், அது வெளியான 96 மணி நேரத்துக்குள் தேர்தல் நடத்தும் அதிகாரி வேட்பாளருக்கு நோட்டீஸ் கொடுப்பார், வேட்பாளர் 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். பதில் சரியில்லை என்றால் அந்த இடத்துக்கு அரசு விளம்பரக் கட்டண விகிதப்படி விலை போட்டு அவர் தேர்தல் செலவில் சேர்ப்பார்கள். மாநிலக் குழுவுக்கும், அதற்கு மேல் தேர்தல் ஆணையத்துக்கும் மேல்முறையீடு போகலாம்.

அதாவது, பெய்டு நியூஸ் போட்டதற்காக என்று தனியாகத் தேர்தல் குற்றம் எதுவும் சட்டத்தில் இல்லை. தேர்தல் ஆணையம் கேட்டுப் பார்த்தது, 2015இல் சட்ட ஆணையமும் தன் 255ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது, நடக்கவில்லை. கணக்கில் மறைத்தார் என்றுதான் வேட்பாளரைப் பிடிக்க முடியும். அப்படிப் பிடித்த பெரிய உதாரணம் உத்தரப் பிரதேசத்தில்: 2007இல் பிசௌலி தொகுதியில் ஜெயித்த உம்லேஷ் யாதவ், காசு கொடுத்துப் போட்ட செய்திகளைச் செலவுக் கணக்கில் காட்டவில்லை என்று 2011 அக்டோபரில் மூன்று வருஷத்துக்குத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். கவனியுங்கள், தேர்தல் நடந்து நாலு வருஷம் கழித்து. ஐந்து வருஷப் பதவியில் பெரும்பகுதி அனுபவித்தாகிவிட்டது.

செலவு வரம்பு இங்கே எவ்வளவு?

2022 ஜனவரியில் மாற்றியபடி, சட்டமன்றத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு வேட்பாளர் 40 லட்சம் வரை, புதுச்சேரியில் 28 லட்சம் வரை செலவு செய்யலாம். கடலூரிலிருந்து முள்ளோடை தாண்டினால் பெட்ரோல் விலை, சரக்கு விலை எல்லாம் குறையுமே, இதுவும் அப்படிக் குறைகிற மாதிரிதான் தோன்றும். ஓட்டருக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். கடலூர் தொகுதியில் இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள், ஒரு ஆளுக்கு 20 ரூபாய்கூட வராது. புதுச்சேரியில் 2021 கணக்குப்படி மொத்தமே சுமார் 10 லட்சம் வாக்காளர்கள், 30 தொகுதி, சராசரி முப்பத்து மூவாயிரம், அங்கே ஒரு ஆளுக்கு 80 ரூபாய்க்கு மேல். சட்டப்படியே நாலு மடங்கு சத்தம் போடலாம். சட்டத்துக்கு வெளியே எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும்.

கட்சிக்காரர்களே டி.வி. நடத்துகிறார்களே, அது சரியா?

சட்டப்படி தடை இல்லை. தமிழ்நாட்டில் ஒளிவுமறைவும் இல்லை. கலைஞர் டி.வி. யாருடையது, நியூஸ் ஜெ எந்தப் பக்கம், மக்கள் தொலைக்காட்சியை எந்தக் கட்சிக்காரர்கள் ஆரம்பித்தார்கள் என்று பண்ருட்டி சந்தையில் பலாப்பழம் விற்கிறவரைக் கேட்டாலும் சொல்லுவார். 2001 ஜூன் 30 விடிகாலையில் கருணாநிதி கைதானபோது சன் டி.வி.யில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப ஓடியது, ஜெயா டி.வி.யைத் திருப்பினால் அதே ராத்திரியின் வேறு கதை. எங்கள் வீட்டில் ரிமோட்டுக்குச் சண்டையே வந்தது.

எனக்கு இதில் பெரிய கோபம் இல்லை. கொடி கட்டிய வண்டியில் ஏறுகிறோம் என்று தெரிந்தே ஏறுகிறோம். கொடி கட்டாத வண்டிதான் பயம். 'நடுநிலை' என்று போட்டுக்கொண்டு, முதலாளிக்கு இருக்கும் கல்லூரிக்காகவோ நிலத்துக்காகவோ மேலிடத்தைப் பகைத்துக்கொள்ளாமல் ஓட்டுகிற சேனலில் எது சொல்லப்படவில்லை என்று நமக்குத் தெரியவே தெரியாது. விவாதத்துக்கு நாலு பேரைக் கூப்பிட்டு, ஒருவர் பேசும்போது மட்டும் இடைவேளை விடுவதற்கு எந்தக் குழுவிடம் புகார் கொடுப்பது?

கடைசி 48 மணி நேரம் பிரச்சாரம் கூடாது என்கிறார்கள், ஆனால் பேப்பரில் முதல் பக்கம் முழுக்க விளம்பரம் வருகிறதே?

நல்ல கேள்வி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 126, வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் பொதுக்கூட்டம், ஊர்வலம், சினிமா, தொலைக்காட்சி, அது போன்ற கருவிகள் வழியாகத் தேர்தல் விஷயம் காட்டக் கூடாது என்கிறது. மீறினால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அச்சுப் பத்திரிகை அந்தப் பட்டியலில் இல்லை. அதனால்தான் மைக் அடங்கிய பிறகும் காலையில் வீட்டு வாசலில் முழுப்பக்கத் தலைவர் சிரிக்கிறார். வாக்குப்பதிவு நாளிலும் முந்தின நாளிலும் வரும் அச்சு விளம்பரத்தை மட்டும் முன்கூட்டியே அந்தக் கண்காணிப்புக் குழுவிடம் காட்டிச் சான்று வாங்க வேண்டும் என்று ஆணையம் வைத்திருக்கிறது, அது விளம்பரத்துக்கு. செய்தி வேஷத்தில் வருவதற்கு யார் முன்கூட்டியே சான்று வாங்கப் போகிறார்கள்?

டி.வி. விளம்பரத்துக்கு எல்லா நாளும் முன்சான்று வேண்டும். 2004 ஏப்ரலில் ஜெமினி டி.வி. வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, உள்ளூர் கேபிள் சேனலுக்கும் பொருந்தும். கட்சியோ வேட்பாளரோ மூன்று நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். நம் ஊர் கேபிளில் பிறந்தநாள் வாழ்த்துக்கும் ஜவுளிக்கடை தள்ளுபடிக்கும் நடுவே ஓடும் வேட்பாளர் ஸ்க்ரோல் இருக்கிறதே, அதற்கும்தான். வாங்குகிறார்களா என்று கேட்காதீர்கள், கேட்க வேண்டியவர்கள் கேட்கட்டும்.

ஓட்டுப் போட்ட அன்றைக்கே எக்ஸிட் போல் போட்டால் என்ன? எதற்கு வாரக்கணக்கில் காக்க வைக்கிறார்கள்?

அதே சட்டத்தின் பிரிவு 126ஏ தடுக்கிறது. நாட்டில் எங்கெல்லாம் அந்தத் தேர்தல் நடக்கிறதோ, அங்கெல்லாம் கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் ஆகும்வரை எக்ஸிட் போல் வெளியிடக் கூடாது, இது பேப்பருக்கும் சேர்த்துத்தான். 2021இல் நாம் ஏப்ரல் 6 அன்றே போட்டுவிட்டோம், மேற்கு வங்கத்தில் எட்டாவது கட்டம் முடிந்த ஏப்ரல் 29 ராத்திரிதான் கணிப்புகள் வந்தன. 2024 மக்களவைத் தேர்தலில் கடலூரும் புதுச்சேரியும் ஏப்ரல் 19, கணிப்பு ஜூன் 1 சாயங்காலம். ஆறு வாரம்! ஆனால் இங்கே இன்னார் அலை என்று அன்றைக்கே காட்டியிருந்தால் அடுத்தடுத்த கட்டத்தில் போட வேண்டியவர்கள் ஜெயிக்கிற குதிரை மேல் பணம் கட்டுகிற மாதிரி போய்விடுவார்கள், அதற்குத்தான்.

காத்திருந்து பார்த்ததில் என்ன கண்டோம் என்பது வேறு விஷயம். 2004இல் வாஜ்பாய் அரசு திரும்ப வரும் என்றார்கள், வரவில்லை. 2024இல் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350, 400 என்றெல்லாம் அடித்து விட்டார்கள், வந்தது 293.

தேர்தலுக்கு முன்பு வரும் கருத்துக்கணிப்பு? புதுச்சேரிக்கு எத்தனை சீட் என்று துல்லியமாகச் சொல்கிறார்களே?

சொல்லுவார்கள். கணிப்பு அளப்பது ஓட்டு சதவீதத்தை, சீட் எண்ணிக்கை அதிலிருந்து போடும் யூகம். தமிழ்நாடு மாதிரி 234 தொகுதி என்றால் ஒன்று இங்கே தப்பினால் இன்னொன்று அங்கே சரிக்கட்டும். புதுச்சேரியில் 30 தொகுதி, அதில் 23 புதுச்சேரியில், 5 காரைக்காலில், மாஹே ஒன்று, ஏனாம் ஒன்று. ஒரு தொகுதிக்கு நூறு பேரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். 2021இல் ஆறு சுயேச்சைகள் ஜெயித்தார்கள், சட்டமன்றத்தில் ஐந்தில் ஒரு பங்கு! சென்னையிலோ டெல்லியிலோ உட்கார்ந்து 'மற்றவை' என்ற பெட்டிக்குள் போட்டு வைத்திருந்த ஆட்கள் அவர்கள். முதலியார்பேட்டையிலும் பாகூரிலும் ஓட்டு விழுவது கட்சிச் சின்னத்துக்கா, ஆளுக்கா என்பது தெருவில் நடந்தால் தெரியும், போன் போட்டுக் கேட்டால் தெரியாது.

எத்தனை பேரைக் கேட்டார்கள், எந்தத் தேதியில் கேட்டார்கள், செலவு யாருடையது, இந்த மூன்றும் இல்லாத கணிப்பை நான் ராசிபலன் பக்கத்தோடு சேர்த்துப் படிப்பேன்.

மாஹே, ஏனாம்காரர்கள் எந்தச் செய்தியைப் பார்க்கிறார்கள்?

மாஹேயில் மலையாளச் சேனல், மலையாளப் பேப்பர். ஏனாமில் தெலுங்கு. புதுச்சேரி முதல்வர் யார் என்பதைவிடத் திருவனந்தபுரமும் அமராவதியும்தான் அவர்கள் டி.வி.யில் அதிகம் ஓடும். ஒரே சட்டமன்றத்துக்கு மூன்று மொழியில் மூன்று வேறு தேர்தல் நடப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

டி.வி. லோகோ போட்ட நியூஸ் கார்டு வாட்ஸ்அப்பில் வருகிறது. நம்பலாமா?

லோகோவை நம்பி நம்பாதீர்கள். கார்டின் நிறம், எழுத்துரு, லோகோ எல்லாம் வைத்துப் பத்து நிமிஷத்தில் யாரும் செய்துவிடலாம். எழுத்துப்பிழை இருக்கிறதா, நாளும் நேரமும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அதெல்லாம் பழைய கதை, இப்போது போலிக்காரர்களுக்குப் பிழை வருவதில்லை, அசல் சேனலுக்குத்தான் வருகிறது. அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அதே கார்டு இருக்கிறதா என்று தேடுவது ஒன்றுதான் வழி.

கடைசி ராத்திரி அதிகமாகச் சுற்றுவது 'வேட்பாளர் விலகல், இன்னாருக்கு ஆதரவு' என்ற ரகம். நானே ஒருமுறை ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஒரு வேட்பாளர் வீட்டுக்கு ஓடினேன், அவர் லுங்கியோடு உட்கார்ந்து பூத் ஏஜென்டுகளுக்குச் சாப்பாட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். மனு வாபஸ் வாங்கும் நாள் முடிந்த பிறகு யாரும் சட்டப்படி விலக முடியாது, பெயர் மெஷினில் இருக்கும். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் பாதிக் கார்டு படுத்துவிடும். இப்படிப் பொய் பரப்புவது சும்மா குறும்பும் இல்லை. வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றியோ அவர் விலகிவிட்டதாகவோ தெரிந்தே பொய் சொல்வது அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 123இல் ஊழல் நடவடிக்கை என்று வருகிறது. ஜெயித்தவரோ அவர் ஏஜென்டோ செய்ததாக நிரூபித்தால் அந்தத் தேர்தலே செல்லாமல் போகலாம். நிரூபிப்பதற்குள் அடுத்த தேர்தல் வந்துவிடும் என்பது தனி.

செயற்கை நுண்ணறிவு வீடியோ எல்லாம்?

2024 தொடக்கத்தில் மறைந்த தலைவர்களே பேச ஆரம்பித்துவிட்டார்கள், கருணாநிதி வீடியோவில் வந்தார், ஜெயலலிதா குரலில் ஒரு பதிவு வந்தது. அவை கட்சிக்காரர்களே வெளிப்படையாகச் செய்தவை, இறந்தவர் பேசுகிறார் என்றால் யாருக்கும் புரியும். உயிரோடு இருக்கிறவர் பேசினால்தான் சிக்கல். 2024 மே மாதம் தேர்தல் ஆணையம், போலி வீடியோ தெரியவந்தால் மூன்று மணி நேரத்தில் கட்சிகள் தங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றது. எங்கள் தெரு குரூப்பில் மூன்று மணி நேரம் என்பது முன்னூறு பார்வர்ட்.

என் போன் நம்பர் கட்சிக்கு எப்படிக் கிடைத்தது?

புதுச்சேரியில் இதே கேள்வி நீதிமன்றம் வரை போனது. 2021 மார்ச்சில், ஆதாரில் இணைத்த நம்பர்களுக்கு மட்டும் வாக்குச்சாவடி வாரியாக வாட்ஸ்அப் குரூப் அழைப்பு வருகிறது என்று பா.ஜ.க. மீது குற்றம் சாட்டி சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார்கள். தங்களிடமிருந்து தகவல் கசியவில்லை என்றது ஆதார் ஆணையம். நீதிமன்றம் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது என்று தேர்தல் ஆணையத்தைத் தீர விசாரிக்கச் சொன்னது. குற்றச்சாட்டு ஒரு பக்கம் இருக்கட்டும், பூத் வாரியாக நம்பர் கையில் இருந்தால் உங்கள் தெருவுக்கு ஒரு செய்தி, பக்கத்துத் தெருவுக்கு அதற்கு நேர்மாறான செய்தி என்று அனுப்பலாம். பேப்பரில் பொய் வந்தால் ஊரே பார்க்கும், எதிர்க்கட்சிக்காரன் பார்ப்பான், மறுப்பு வரும். இதை யார் பார்ப்பது?

பேஸ்புக், இன்ஸ்டாவில் காசு கொடுத்து ஓட்டும் அரசியல் விளம்பரங்களையாவது பார்க்க முடிகிறது. மெட்டா நிறுவனத்தின் விளம்பர நூலகத்தில் பக்கத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் யார் பணம் கொடுத்தது, சுமாராக எவ்வளவு என்று வரும். 'மண்ணின் குரல்' ரகத்தில் பெயர் வைத்த பக்கங்களைத் தேடிப் பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு.

வேட்பாளர் மீது கேஸ் இருக்கிறதா என்று பேப்பரில் வருமாமே?

வர வேண்டும். குற்ற வழக்கு இருக்கிறவர் அதைத் தானே பேப்பரிலும் டி.வி.யிலும் மூன்று முறை விளம்பரமாகப் போட வேண்டும் என்பது 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வந்த நடைமுறை. பெரும்பாலும் ஏலம், காணவில்லை, பெயர் மாற்றம் இருக்கிற பக்கத்தில் கட்டம் கட்டி வரும். அதே பேப்பரின் முதல் பக்கத்தில் அதே ஆள் கும்பிட்டபடி நிற்பார். இரண்டையும் ஒரே நாளில் வெட்டி ஒரே தாளில் ஒட்டி வைக்கும் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறார், நாலு நோட்டு நிரப்பிவிட்டார்.

நிருபர்களுக்குக் கவர் கொடுப்பது உண்மையா?

உண்மை. பிரஸ்மீட் முடிந்ததும் பிரியாணிப் பொட்டலத்தோடு வரும். வாங்காதவர்களும் இருக்கிறார்கள், அவர்களைத் 'திமிர் பிடிச்சவன்' என்பார்கள்.

தப்பாக ஏதாவது கண்டால் எங்கே சொல்வது?

தேர்தல் நேரமென்றால் முதலில் தேர்தல் ஆணையத்தின் உதவி எண் 1950க்கு போன். சி-விஜில் என்று போனில் புகார் அனுப்ப ஆணையம் வைத்திருக்கும் வசதியில் அங்கேயே எடுத்த படம், வீடியோ அனுப்பலாம், கேலரியில் இருக்கும் பழைய படம் ஏறாது, 100 நிமிஷத்தில் நடவடிக்கை என்பது கணக்கு. நோட்டீஸ், போஸ்டர் என்றால் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் முகவரி கீழே இருக்கிறதா பாருங்கள். 127ஏ பிரிவுப்படி இருக்க வேண்டும், இல்லையென்றால் அதுவே குற்றம். பெய்டு நியூஸ் சந்தேகம் என்றால் பேப்பரை வெட்டி, தேதி எழுதி, மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கு. எங்கள் காலத்தில் இப்படி ஒரு வெட்டுத்தாள் வந்தால் டெஸ்க்கில் ஒரு வாரம் எல்லோரும் ஒழுங்காக இருப்பார்கள்.

தேர்தல் முடிந்த பிறகும் பத்திரிகை மேல் புகார் என்றால் பத்திரிகை மன்றம். அதால் கண்டிக்க முடியும், அபராதம் போட முடியாது. டி.வி. என்றால் முதலில் அந்தச் சேனலுக்கே எழுத வேண்டும், பதில் திருப்தியில்லை என்றால் செய்தி ஒளிபரப்பாளர்களின் தர ஆணையத்துக்குப் போகலாம், சேனல் அதில் உறுப்பினராக இருந்தால்.

நீங்கள் எந்தப் பேப்பர் வாங்குகிறீர்கள்?

வீட்டுக்கு ஒன்று, டீக்கடையில் இன்னொன்று. வாக்குப்பதிவுக்கு முந்தின ஒரு வாரம் மட்டும் பஸ் ஸ்டாண்டு கடையில் நாலும் வாங்கிவிடுவேன், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரோடு உட்கார்ந்து நாலிலும் ஒரே மாதிரி வந்த செய்திகளைப் பேனாவால் சுழித்துக்கொண்டே போனால் பாண்டி வந்துவிடும். பெயர்களைக் கேட்காதீர்கள், சொன்னால் இதுவும் விளம்பரம் ஆகிவிடும், மூலையில் அந்தச் சொல்லைப் போட வேண்டியிருக்கும்.